எறும்பை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கணக்குப் போடுங்கள்

திருவண்ணாமலையில் கேமரா வாங்குகிற எவரும் முதலில் எடுப்பது ராஜகோபுரத்தை. அப்புறம் மலையை. கார்த்திகை வந்தால் தீபத்தை. தப்பே இல்லை. 66 மீட்டர் கோபுரமும் 814 மீட்டர் மலையும் கண்முன்னால் நிற்கும்போது யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? என் சண்டை அதோடு இல்லை. கோபுரத்தில் கற்ற பாடத்தை கிரிவலப் பாதை ஓரத்து எறும்புக்கும் அப்படியே ஒப்பிக்கிறார்களே, அதோடுதான்.

டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்பது படத்தில் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் ஷார்ப்பாகத் தெரிகிறது என்பது. சுருக்கமாக 'ஆழம்' என்றே சொல்கிறேன். ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8. 3.6 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1.8 மீட்டரிலிருந்து கோபுரக் கலசம், மலை உச்சி வரை எல்லாமே ஷார்ப். இப்போது அதே கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, மாமரத்துச் செவ்வெறும்பை 1:1 அளவில், அதாவது சென்சார் மேல் அதன் உண்மையான உருவளவிலேயே விழும்படி எடுங்கள். அதே எஃப் 8. ஆழம் எவ்வளவு தெரியுமா? 0.64 மி.மீ. உங்கள் ஏ.டி.எம். கார்டின் தடிமனைவிடக் குறைவு.

கணக்கு ஒரே வரிதான்:

ஆழம் = 2 × எஃப் எண் × 0.02 × (உருப்பெருக்கம் + 1) ÷ உருப்பெருக்கத்தின் வர்க்கம்

அந்த 0.02 என்ன? ஒரு புள்ளி சென்சாரில் 0.02 மி.மீ. வரை பரவினாலும் நம் கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும் என்று வைத்துக்கொண்ட எண். 8×10 அங்குல பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கான எண் அது. படத்தின் அகலத்தைப் பாதியாக கிராப் செய்து அதே அளவு பிரிண்ட் போட்டால் இந்த எண்ணும் பாதியாகும், ஆழமும் பாதியாகும். கிராப் செய்தால் ஒன்றும் குறையாது என்பவர்கள் கவனிக்கவும்.

இப்போது சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். லென்ஸின் நீளம் எங்காவது இருக்கிறதா? இல்லை. 60 மி.மீ. லென்ஸோ 100 மி.மீ. லென்ஸோ, ஒரே உருப்பெருக்கம், ஒரே எஃப் எண் என்றால் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். நீளமான லென்ஸில் எறும்பிடமிருந்து தள்ளி நிற்கலாம், பின்னணி இன்னும் கரையும். அதற்காக வாங்கினால் சரி. 'ஆழம் கூடும்' என்று எவராவது சொன்னதை நம்பி வீட்டில் அடம்பிடித்து லென்ஸ் மாற்றுகிற மாணவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

அடுத்த வேதவாக்கு: "ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால்." மேலே சொன்ன 24 மி.மீ. லென்ஸுக்கு இது சரியாகப் பொருந்துவது 1.2 மீட்டரில் ஃபோகஸ் செய்யும்போது மட்டும். கிட்டே வர வர முன்பாதியும் பின்பாதியும் சமமாகிவிடும். 0.64 மி.மீ.யில் முன்னால் 0.32, பின்னால் 0.32. விதியை நம்பிக் கண்ணுக்கு முன்னால் ஃபோகஸ் வைத்தால் கண் மங்கல், மீசை ஷார்ப்!

மூன்றாவது, எல்லாவற்றிலும் மோசமானது: "எஃப் 22 வை தம்பி, எல்லாம் ஷார்ப்பா வரும்." வராது. 1:1 அளவில் லென்ஸின் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிறது. 22 என்பது 44. அவ்வளவு சின்னத் துளையில் நுழையும் ஒளி வளைந்து பரவும். ஒரு புள்ளி 0.059 மி.மீ. வட்டமாகிவிடும். நம் எல்லை 0.02. கணக்குப்படி 1.76 மி.மீ. ஆழம் கிடைக்கும், ஆனால் அதற்குள் எதுவுமே ஷார்ப்பாக இருக்காது. எஃப் 8-லேயே பரவல் 0.021. எஃப் 11 வரை கண் மன்னிக்கும், அதற்கு மேல் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: நிக்கான் கேமராவில் அவர்களுடைய மேக்ரோ லென்ஸ் இந்தப் பெருகிய எண்ணையே திரையில் காட்டும், கேனான் காட்டாது. திரையில் தெரியும் பெருகிய எண்ணைப் போட்டால் சூத்திரத்தில் (உருப்பெருக்கம் + 1) என்பதை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு முறை பெருக்கியதாகிவிடும்.

இதெல்லாம் வெறும் கணக்கு வாத்தியார் சண்டை என்று நினைக்காதீர்கள். ஆழம் போதவில்லை என்றதும் சிலர் என்ன செய்கிறார்கள்? பல படங்கள் எடுத்து ஒட்டுகிறார்கள், அதாவது ஸ்டாக்கிங். எறும்பை நேருக்கு நேர் 1:1-ல் எடுத்தால் மூக்கிலிருந்து வால் வரை 8 மி.மீ. இருக்கும். படத்தோடு படம் மூன்றில் ஒரு பங்கு படியவேண்டும் என்றால் ஏறக்குறைய 19 படங்கள். அதுவரை எறும்பு நிற்குமா? நிற்காது. உடனே பிடித்து ஃப்ரிட்ஜில் வை, விறைத்ததும் எடு என்று ஒரு 'டிப்ஸ்' உலகம் முழுக்கச் சுற்றுகிறது. "சாகாது, கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும்" என்று சமாதானம் வேறு. எழுந்துபோன பிறகு அது என்ன ஆனது என்று யார் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள்? தன் உடம்புச் சூட்டுக்கு வெளியையே நம்பியிருக்கும் உயிரை ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு, அதை 'இயற்கைப் புகைப்படம்' என்று போடுவது என்ன நியாயம்?

அதே எறும்பைப் பக்கவாட்டில் எடுங்கள். தலையும் உடம்பும் 2 மி.மீ. தடிமனுக்குள் அடங்கும். உருப்பெருக்கத்தைப் பாதியாக்கினால் எஃப் 8-ல் ஆழம் 1.92 மி.மீ. ஒரே கிளிக். காலும் மீசையும் கொஞ்சம் மங்கும், மங்கட்டுமே! இறக்கை மூடிய பட்டாம்பூச்சிக்கும் இதே வழிதான். சென்சாரை இறக்கைக்கு இணையாகப் பிடித்தால் போதும். இன்னும் அசையாமல் வேண்டுமா? மார்கழியில் சூரியன் வருவதற்கு முன் போங்கள். பூச்சிகள் குளிரில் தாமாகவே மந்தமாக இருக்கும். ஃப்ரிட்ஜுக்குப் போகவேண்டியது பூச்சி இல்லை, சீக்கிரம் எழவேண்டியது நாம்.

"கலைக்குக் கணக்கு எதுக்குப்பா?" என்று கேட்கும் அண்ணன்களுக்கு: நீங்கள் விழுந்து விழுந்து எடுக்கிற ராஜகோபுரத்தைக் கணக்குப் போடாமலா கட்டினார்கள்? வாசலில் போடும் கோலத்துக்கே புள்ளிக் கணக்கு இருக்கிறது.

என்னை நம்ப வேண்டாம். ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து மேக்ரோவில் எடுங்கள். ஷார்ப்பாகத் தெரியும் நீளத்தை 0.7-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஆழம். எஃப் 8, 11, 22 மூன்றிலும் எடுத்து ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் சண்டை போட வருகிறவர்கள் தாராளமாக வரலாம், கையில் ஸ்கேலோடு :-)