பூம்பாறைக்குப் பாதரசமற்ற ஒளி

மலைநீர் இயல்பிலேயே தூயது என்னும் நம்பிக்கை பெரும் இடர் தருவது. கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் அடுக்கடுக்கான பூண்டு வயல்களுக்கு நடுவே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. சரிவில் பெய்யும் மழை தொழுவுரத்தையும் கழிவையும் வாரிக்கொண்டே ஓடையில் இறங்கும். கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் பேதிக் கிருமி உயிரோடிருக்கும்.

புற ஊதா ஒளியால் அக்கிருமியை அடக்கலாம் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட அறிவு. பிரான்சின் மார்செய் நகரில் 1910-இலேயே இம்முறை சோதிக்கப்பட்டது. 1992-இன் இறுதியில் ஓ139 என்னும் புதிய காலராக் கிருமி தமிழகத்திலும் வங்கத்திலும் பரவியபோது, அத்துயரால் உந்தப்பட்ட இந்திய இயற்பியலாளர் அசோக் காட்கில், சிற்றூருக்கேற்ற எளிய கருவியொன்றை அமெரிக்காவின் பெர்க்லியில் உருவாக்கினார். போற்றத்தக்க பணி. ஆயினும் அக்காலத்தில் இதற்குப் பயன்பட்ட விளக்குகள் பாதரச ஆவியால் எரிந்தவை.

பாதரசம் என்னும் சொல்லைக் கொடைக்கானல் மலை எளிதில் கேட்டுக் கடந்துவிட இயலாது. இங்கு இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிகள் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளிப்பட்ட பின்னரே, 2001-இல் அவ்வாலை மூடப்பட்டது. பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் கைகூடியது. ஒரு விளக்கிலுள்ள பாதரசம் மிகச் சிறிதே. ஆனால் பழுதான விளக்குகள் மலையூரில் எங்கே போய்ச் சேரும்? மீண்டும் அதே கடைக்குத்தான்.

எனவே புற ஊதா எல்.இ.டி. சில்லு விளக்குகளையே நாம் வலியுறுத்துகிறோம். ஏறத்தாழ 265 முதல் 280 நானோமீட்டர் அலைநீள ஒளியை உமிழும் இச்சில்லுகளில் பாதரசம் இல்லை. அவ்வொளி கிருமியின் மரபுப் பொருளைச் சிதைத்து, அது பெருகாதபடி செய்கிறது. பழைய விளக்கு சூடேறக் காத்திருக்க வேண்டும். இதுவோ குழாயைத் திறந்த கணமே முழு ஆற்றலோடு ஒளிரும். சூரிய மின்தகடும் மின்கலமும் இதனை இயக்கப் போதும்.

குறைகளை மறைப்பது நேர்மையன்று. பெறும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கையே இச்சில்லு ஒளியாக்குகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. ஊர் முழுவதற்குமான பெருந்தொட்டிக்கு இன்று இது கட்டுபடியாகாது. பள்ளி, அங்கன்வாடிக் குழாய்களுக்கு நன்கு பொருந்தும். கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது. வடிகட்டிய பின்னரே கதிர் படவேண்டும். வயலிலிருந்து பூச்சிக்கொல்லி கலந்தால் இது நீக்காது. கருவியைக் கடந்த நீர் அழுக்குக் குழாயில் மீண்டும் கெடும். ஆகவே தொட்டிக்குக் குளோரின் இடுவதை ஒருநாளும் கைவிடலாகாது.

கருவியை வாங்கித் திறப்புவிழா நடத்துவதோடு பல திட்டங்கள் உயிர்விட்டிருக்கின்றன. வடிகட்டியைக் கழுவவும், ஒளி கடந்துவரும் குவார்ட்ஸ் கண்ணாடியில் படியும் கறையைத் துடைக்கவும், மாதந்தோறும் நீரைச் சோதிக்கவும் ஊதியத்துடன் ஒருவரை ஊராட்சி அமர்த்தவேண்டும். அச்செலவுக்கான நிதியை, கருவிக்கு ஆணையிடும் அன்றே அரசு ஒதுக்கவேண்டும்.