கூச்சம் வளர்க்கும் வியாதி

விரைப் புற்றுநோய் நம் தேசத்தில் அபூர்வமானது. லட்சம் ஆண்களில் வருஷத்துக்கு ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆனால், மற்றப் புற்றுநோய்கள் பெரும்பாலும் மூப்பைத் தேடிப் போகையில், இது 15 முதல் 40 வயதுக்குட்பட்ட வாலிபர்களை, கல்யாணப் பேச்சு நடக்கும் பருவத்தில் வந்து பிடிக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பிழைக்க வைக்க இன்றைய வைத்திய சாஸ்திரத்தால் முடியும் என்பது பிரத்தியட்சமாயிருக்க, கூச்சம் ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரேனும் உயிரிழப்பது மன்னிக்கத்தக்கதல்ல என்பதும், அந்தக் கூச்சத்தைப் போக்கும் பொறுப்பு நோயாளியைக் காட்டிலும் சுகாதார இலாகாவுக்கே அதிகம் என்பதும் நமது அபிப்பிராயம்.

அரை நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறு. வியாதி நுரையீரலுக்குப் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் தப்புவதே அரிதாயிருந்தது. 1965-இல் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க், மின்சாரத்தால் கிருமிகளுக்கு என்ன நேர்கிறதென்று ஆராயப் புகுந்து, பிளாட்டினத் தகடுகளிலிருந்து கசிந்த ஒரு சேர்மம் அவற்றைப் பிளந்து பெருகவொட்டாமல் தடுப்பதைக் கண்டார்; அதுவே பின்னர் புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின். 1974-இல் இண்டியானாபொலிஸில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பரவிய நிலையிலும் பத்தில் எட்டுப் பேர் குணமடையும் காலம் பிறந்தது. நம் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு வந்தது விரையில் அல்ல, மார்புக்குள். ஆயினும் அதே குலத்தைச் சேர்ந்த கட்டிதான். 2012-இல் அதே ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்று, அவ்வருஷம் செப்டம்பரிலேயே சேப்பாக்கம் மைதானத்தில் மட்டை பிடித்தார்.

இங்கே நடப்பதென்ன? குளிக்கும்போது ஒரு பக்கத்து விரையில் பட்டாணி அளவில் கெட்டியாக, வலியில்லாமல் ஏதோ தட்டுப்படுகிறது. வலியில்லாததாலேயே அலட்சியம். அல்லது கனமாகத் தொங்குகிறது. "சூடு பிடித்திருக்கும்" என்று விளக்கெண்ணெய் வைத்துக்கொள்கிறான். பந்து பட்ட ஞாபகத்தின் மேல் பழியைப் போடுகிறான். ஓதமாயிருக்கும் என்று மாதங்களைக் கடத்துகிறான். பஸ் நிலையச் சுவரெல்லாம் லாட்ஜ் வைத்தியர்களின் ஆண்மை விளம்பரங்களை ஒட்டவிட்டு வாளாவிருக்கும் நமது சமூகம், இந்த விஷயத்தில் மட்டும் நாணிக் கோணுவது விசித்திரமே.

பரிசோதனையில் பயப்பட ஏதுமில்லை. ஸ்கேன் ஒன்று, ரத்தத்தில் இவ்வியாதியைக் காட்டும் மூன்று பொருள்களைப் பார்ப்பது ஒன்று. சந்தேகம் உறுதிப்பட்டால் அடிவயிற்றின் ஓரத்தில் கீறி அந்த விரையை அகற்றிவிடுகிறார்கள். விரைப்பையின் வழியே ஊசி குத்திச் சதை எடுப்பது கூடாது. வியாதி வேறு நெறிக்கட்டுகளுக்குப் பரவ அதுவே வழி திறந்துவிடக்கூடும். ஆரம்பத்தில் கண்டால் பலருக்கு அறுவையோடு முடிந்து, பிறகு கண்காணிப்பு மட்டுமே. எஞ்சிய ஒரு விரை இல்லறத்துக்கும் சந்ததிக்கும் சாதாரணமாகப் போதும். மருந்து ஏற்ற நேர்ந்தால், அதற்கு முன்பே விந்தைச் சேமித்து வைக்கலாம். இதை எடுத்துச் சொல்வது வைத்தியரின் கடமை, சேமிக்கும் வசதியை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஏற்படுத்துவது சர்க்காரின் கடமை.

மாதந்தோறும் தடவிப் பார்த்துப் பீதியடையுமாறு எல்லா இளைஞர்களையும் ஏவ வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு அதனால் ஆதாயமுண்டென்று நிரூபணமாகவில்லை. தன் தேகத்தின் இயல்பு தெரிந்திருந்தால் போதும். விரை இறங்காமல் பிறந்த சிசுக்களுக்குப் பிற்காலத்தில் இவ்வியாதி வரும் சாத்தியம் பன்மடங்கு அதிகம். ஆறு மாதத்துக்குள் தானாக இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கி வைப்பது அபாயத்தைக் குறைக்கும்; பின்னாளில் கட்டி வந்தாலும் கைக்குத் தட்டுப்படும். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசிக்காகக் குழந்தை எப்படியும் வருகிறதே! அப்போது நர்ஸம்மா அரை நிமிஷம் தொட்டுப் பார்த்து அட்டையில் ஒரு வரி எழுதும்படி சுகாதார இலாகா உத்தரவிடட்டும். கல்லூரிகளின் வைத்தியப் பரிசோதனையிலும் இது பற்றி இரண்டு வார்த்தை பேசப்படட்டும்.

வாலிபர்களுக்கு நாம் சொல்வது இது: கெட்டியாக ஏதேனும் தட்டுப்பட்டால் எண்ணெயையும் லாட்ஜையும் நாடாமல், அந்த வாரத்திலேயே அரசாங்க ஆஸ்பத்திரியில் சர்ஜனைப் பாருங்கள்.