மருந்து ரெடி, அட்ரஸ்தான் இல்லை

போன ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருத்தணி மலை முழுக்க புஷ்பக் காவடி, அரோகரா சத்தம். 365 படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தப்போ மாமா ஞாபகம் வந்துடுச்சு. வருஷா வருஷம் காவடி எடுத்தவர், 2021 மே மாசம் கொரோனாவில் போயிட்டார். அவருக்காக ரெம்டெசிவிர் வாங்க சென்னையில் ஒரு ராத்திரி முழுக்க க்யூவில் நின்னேன். ஆறு குப்பி எழுதிக் கொடுத்தாங்க, ரெண்டுதான் கிடைச்சது.

அந்த மருந்தைப் பத்தி அப்புறம்தான் படிச்சேன். (நான் பொட்டி தட்டுற ஆளு, உயிரியல் பத்தாவதோட சரி.) கொரோனா வைரஸோட மொத்த ப்ரோக்ராமும் சுமார் 30,000 எழுத்துள்ள ஒரு ஆர்.என்.ஏ. ரெம்டெசிவிர் அந்த எழுத்துல ஒண்ணு மாதிரி வேஷம் போட்டு, வைரஸ் காப்பி எடுக்கிறதைத் தடுக்கப் பார்க்கும். ஆனா ஆஸ்பத்திரியில் சேர்ந்தவங்களுக்கு இது வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே சொல்லியிருக்கு. நாம 2021ல் க்யூவில் நின்னோம்!

இன்னும் நேரடியான வழி ஒண்ணு இருக்கு. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. சுமார் 21 எழுத்துள்ள குட்டி ஆர்.என்.ஏ. வைரஸ் ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்துற இடத்தைத் தேடிப் பிடிக்கும். நம்ம செல்லில் ஏற்கெனவே இருக்கிற ஒரு புரதம் அங்கே வெட்டிடும். நம்ம பாஷையில் 'ஃபைண்ட் அண்ட் டெலீட்' :-) ஃபயரும் மெல்லோவும் 1998ல் புழுவில் கண்டுபிடிச்ச விஷயம் இது, 2006ல் நோபல் வாங்கினாங்க. 2003 சார்ஸுக்கு அப்புறம் குரங்கு மூக்கில் விட்டுப் பார்த்து, நோய் குறையுதுன்னு 2005லயே கட்டுரை வந்தாச்சு.

அப்புறம் ஏன் 2020ல் கையில் மருந்து இல்லை? டெலிவரி பிரச்சினை. வெறும் ஆர்.என்.ஏ.வை ரத்தத்தில் விட்டா சீக்கிரம் சிதைஞ்சிடும், செல்லுக்குள்ள நுழையவும் முடியாது. இதுக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படிச்ச முத்தையா மனோகரன். அமெரிக்காவில் அல்நைலம் கம்பெனியில் அவர் குழு ஆர்.என்.ஏ.வோட மூணு சர்க்கரை மூலக்கூறைக் கட்டி அனுப்பினாங்க. அந்தச் சர்க்கரையைக் கண்டா உள்ளே இழுத்துக்கிற கதவு கல்லீரல் செல்லில் இருக்கு. 2019ல் அந்த முறையில் முதல் மருந்துக்கு அனுமதியும் கிடைச்சது.

ஆக, கல்லீரலுக்குப் பின்கோடு தெரியும். நுரையீரலுக்கு அவ்வளவு கச்சிதமான பின்கோடு இன்னும் கிடைக்கலை. 2020 மார்ச்சில் அல்நைலம் இன்னொரு கம்பெனியோட சேர்ந்து கொரோனாவுக்கு ஆரம்பிச்ச முயற்சி பாதியில் நின்னுபோச்சு. ரஷ்யாவில் மட்டும் மிர்-19னு உள்ளே இழுக்கிற மருந்து 2021 டிசம்பரில் பதிவாச்சு.

என் கருத்து இதுதான். சார்ஸ் அடங்கினதும் ஆர்வமும் பணமும் அடங்கிடுச்சு. 2005க்கும் 2020க்கும் நடுவில் பதினஞ்சு வருஷம் இருந்தது. இப்பவும் அதே தப்பைத்தான் பண்றோம். நம்மால முடியாதுன்னு இல்லை. புனே ஜெனோவா, சாதா ஃபிரிட்ஜ் குளிரில் வைக்கக்கூடிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அனுமதி வாங்கிச்சு. ஆனா அதுக்குள்ள ரெண்டாவது அலையே முடிஞ்சு போயிருந்தது.

தடுப்பூசி இருக்கே, இது எதுக்குன்னு கேட்கலாம். வயசானவங்க, கிட்னி மாத்தினவங்க சிலருக்குத் தடுப்பூசி சரியா வேலை செய்யாது. வைரஸ் மாறினா 21 எழுத்தை மாத்தி எழுதிடலாம். அட்ரஸைத்தான் அவசரத்தில் கண்டுபிடிக்க முடியாது. நோய் இல்லாத காலத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

டிஸ்கி: உயிரியல் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா தாராளமா குட்டுங்க, திருத்திக்கறேன். க்யூவைப் பத்தி மட்டும் தப்பு இருக்காது.