எக்ஸிட் ஃபீ 100 பவுண்ட்... கட்டிட்டு வெளியே வரலாமா? பிரிட்டன் கரன்ட், கேஸ் பில் கணக்கு!

"போன மாசம்தான் ஒரு வருஷத்துக்கு ஃபிக்ஸ் பண்ணினோம். அதுக்குள்ள பக்கத்து ஃபிளாட்காரருக்கு நம்மளைவிடக் கம்மி ரேட் கிடைச்சிருக்கே!"

படிக்கவோ, வேலைக்காகவோ பிரிட்டன் போய் வாடகைக்கு வீடு எடுத்தவர்களுக்கு இந்தப் புலம்பல் நன்றாகவே புரியும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு மின்சாரம் தருவது ஒரே ஒரு வாரியம்தான். 'கம்பெனி மாறலாமா' என்ற கேள்விக்கே இடமில்லை. பிரிட்டனில் அப்படி இல்லை. மின்சாரத்தையும் கேஸையும் விற்கப் பல கம்பெனிகள் போட்டி போடுகின்றன. பில் உங்கள் பெயரில் வந்து, நீங்களே கட்டுகிறீர்கள் என்றால், வாடகைக்கு இருந்தாலும் கம்பெனியை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால், ஃபிக்ஸட் டாரிஃபில் இருக்கும்போது பாதியில் கிளம்பினால், பல கம்பெனிகள் ஒரு தொகையை வெட்டச் சொல்லும். அதுதான் எக்ஸிட் ஃபீ. அந்த வார்த்தையைப் பார்த்ததுமே, "ஐயோ, ஃபைன் போடுவாங்க" என்று ஒதுங்கிவிடுபவர்கள் பலர். "ஆஃபர் கம்மியா இருக்கு" என்று யோசிக்காமல் குதித்துவிடுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே கணக்குப் போடுவதில்லை!

எதுக்கு இந்தக் கட்டணம்?

ஃபிக்ஸட் டாரிஃப் என்றால், ஒரு யூனிட்டுக்கு என்ன விலை, தினசரி நிலைக்கட்டணம் எவ்வளவு என்பதை ஒரு வருடத்துக்கோ, இரண்டு வருடத்துக்கோ பூட்டி வைப்பது. மாத பில் அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. அதிகம் செலவழித்தால் அதிகம் கட்டத்தான் வேண்டும்.

இந்த வாக்குறுதியைத் தரும் கம்பெனி, உங்களுக்குத் தேவைப்படும் மின்சாரத்தையும் கேஸையும் மொத்தச் சந்தையில் முன்கூட்டியே வாங்கி வைக்கிறது. விலை இறங்கியதும் நீங்கள் கிளம்பிவிட்டால், அதிக விலைக்கு வாங்கியதைக் குறைந்த விலைக்கு விற்கும் நஷ்டம் அதன் தலையில் விழும். அதைச் சமாளிக்கவே எக்ஸிட் ஃபீ. ஓர் எரிபொருளுக்கு 25 முதல் 75 பவுண்ட் வரை கேட்பது சகஜம். மின்சாரம், கேஸ் இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கியிருந்தால், அது இரண்டு மடங்கு. கட்டணமே இல்லாத ஃபிக்ஸட் டாரிஃப்களும் சந்தையில் இருக்கின்றன.

விலை ஆடிய ஆட்டம்

இந்தப் பூட்டு எப்போது பாதுகாப்பு, எப்போது சிறை என்பதை 2021-க்குப் பிந்தைய சில வருடங்கள் காட்டிவிட்டன. ஃபிக்ஸ் பண்ணாதவர்களுக்கான கட்டணத்துக்கு, 'ஆஃப்ஜெம்' என்ற ஒழுங்குமுறை அமைப்பு உச்சவரம்பு வைக்கிறது. சராசரி வீட்டின் ஆண்டு பில்லாகச் சொன்னால், 2021 அக்டோபரில் அது 1,277 பவுண்ட். 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. அதே வருட அக்டோபருக்கு 3,549 என்று அறிவிக்கப்பட்டபோது, அரசே தலையிட்டு சராசரி பில்லை 2,500 பவுண்ட் அளவில் நிறுத்திப் பிடித்தது. 2024 ஜூலையில் வரம்பு 1,568-க்கு இறங்கியது.

2021 கோடையில் இரண்டு வருடத்துக்கு ஃபிக்ஸ் பண்ணியவருக்கு அந்தப் பூட்டு பெரிய கவசம். விலை உச்சத்தில் இருந்தபோது பயந்துபோய் ஃபிக்ஸ் பண்ணியவருக்கோ, அதே பூட்டு காலில் மாட்டிய சங்கிலி.

ஏப்ரலா, அக்டோபரா?

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. எக்ஸிட் ஃபீ மின்சாரத்துக்கு 50, கேஸுக்கு 50, மொத்தம் 100 பவுண்ட். "மாறினால் வருடத்துக்கு 180 பவுண்ட் மிச்சம்" என்கிறது ஒப்பீட்டு இணையதளம். 180 பெரிசா, 100 பெரிசா என்று பார்த்தால் உடனே மாறத் தோன்றும்.

கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கு மீதி இருப்பது ஆறு மாதம்தான். பாதி போட்டால் மிச்சம் 90 பவுண்ட். 10 பவுண்ட் கைநஷ்டம்!

கணக்கு அதோடு முடியவில்லை. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் அறையைச் சூடாக்குவது கேஸ்தான். குளிர்காலத்தில் அது மளமளவென்று எரியும். கோடையில் குளிக்க, சமைக்க மட்டும்தான். ஆக, அந்த ஆறு மாதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்றால், யூனிட் விலையில் கிடைக்கும் மிச்சம் 90-ஐ விடவும் குறையும். பேசாமல் இருந்துவிடலாம். அதுவே அக்டோபர் முதல் மார்ச் வரை என்றால், மிச்சம் 100-ஐத் தாண்ட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதே கட்டணம், அதே ஆஃபர், ஆனால் முடிவு மட்டும் தலைகீழ்!

மாதாமாதம் வங்கியிலிருந்து ஒரே தொகை கழிவதால் இந்த வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை. அதனால், போன வருட பில்லில் எந்த மாதம் எத்தனை யூனிட் ஓடியது என்பதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

கட்டணமே இல்லாத கதவுகள்

* ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 49 நாள்களுக்குள் மாறினால், எக்ஸிட் ஃபீ வசூலிக்கக் கூடாது என்பது ஆஃப்ஜெம் விதி. முடிவுத் தேதியிலிருந்து 49 நாள்களைப் பின்னால் எண்ணி, மொபைலில் ஒரு ரிமைண்டர் போட்டுடுங்க.

* புதிய ஒப்பந்தம் போட்ட 14 நாள்களுக்குள் மனம் மாறினால், கட்டணமின்றி ரத்து செய்யலாம்.

* இருக்கிற கம்பெனியிலேயே விலை குறைந்த வேறு டாரிஃபுக்கு மாறினால், சில கம்பெனிகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதுண்டு. வெளியே போகும் முன் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

* முடிவுத் தேதி வந்தும் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், உச்சவரம்புக்கு உட்பட்ட சாதாரண டாரிஃபுக்குத் தானாக மாற்றப்படுவீர்கள். அங்கிருந்து எப்போது வெளியேறினாலும் எக்ஸிட் ஃபீ கிடையாது.

அடிக்கடி வீடு மாறுபவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே உஷாராக வேண்டும். வாடகை ஒப்பந்தம் பத்து மாதத்தில் முடியப்போகிறது என்றால், இரண்டு வருட ஃபிக்ஸ் எதற்கு? புது வீட்டுக்கு டாரிஃபை எடுத்துப்போக முடியுமா, முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த ஒரு பத்தியையாவது படித்துவிடுங்கள்.

அவங்க ஓடினா யார் கட்டுவது?

கணக்கையும் தாண்டி ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. 2021-ல் மொத்தச் சந்தையில் விலை எகிறியபோது, முன்கூட்டியே போதுமான அளவு வாங்கி வைக்காத கம்பெனிகள் வரிசையாக மூழ்கின. ஓராண்டுக்குள் ஏறக்குறைய 30 கம்பெனிகள் காலி. அவற்றில் பெரும்பாலானவற்றின் வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு கம்பெனிகளுக்கு மாற்றிவிட்டது. கரன்ட் நிற்கவில்லை, கணக்கில் இருந்த பணமும் பத்திரம். ஆனால், அவர்கள் பூட்டி வைத்திருந்த குறைந்த விலை அங்கேயே காலாவதியாகிவிட்டது.

அப்படி மாற்றியதற்கான செலவு சுமார் 270 கோடி பவுண்ட் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022-ல் கணக்கிட்டது. வீட்டுக்குச் சுமார் 94 பவுண்ட். அது எல்லோருடைய பில்லிலும் ஏறியது. வாடிக்கையாளர் பாதியில் போனால் அவர் கட்ட வேண்டும். கம்பெனி பாதியில் போனாலும் வாடிக்கையாளர்கள்தான் கட்டினார்கள்!

அதனால், ஃபிக்ஸட் டாரிஃபை ஓர் இன்ஷூரன்ஸ் மாதிரி பாருங்கள். எக்ஸிட் ஃபீயும் அதன் விலையில் ஒரு பகுதிதான். சேரும் நாளிலேயே 'வெளியே வர எவ்வளவு?' என்று கேட்டுவிடுங்கள். பிறகு பக்கத்து ஃபிளாட்காரர் தன் ரேட்டைச் சொல்லும்போது, பதறாமல் கால்குலேட்டரைத் திறக்கலாம்.