"அடுத்த மாசம் மாத்திக்கலாம்"

கூலாய் பக்கத்தில் ஒரு பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரை. கழற்றிய பிரேக் டிரம் ஒன்றை பொமன் அண்ணன் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். உள்வட்டம் முழுக்க மெல்லிய வெடிப்புகள், காய்ந்த சேறு பிளந்தது போல. ஆங்காங்கே இரும்பில் நீலம் பாய்ந்திருந்தது. "இந்த நீலம் சூட்டாலே வர்றது, தம்பி. லைனிங் தேஞ்சு போச்சுன்னு மூணு மாசத்துக்கு முன்னாலேயே சொன்னேன்" என்றார். லோரியின் சொந்தக்காரர் ஓரமாக நின்றிருந்தார். அவர்தான் ஓட்டுநரும். "அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு இருந்துட்டேன், அண்ணே" என்றார், தரையைப் பார்த்தபடி.

அன்றைக்கே லைனிங்கை மட்டும் மாற்றியிருந்தால் சில நூறு வெள்ளியோடு போயிருக்கும். இப்போது டிரம், வீல் சிலிண்டர், சீல், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்தை நெருங்கியது. லோரியும் இரண்டு நாள் பட்டறையில் நின்றது.

அந்த மனிதரை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் லோரியின் ஒவ்வொரு சத்தத்தையும் அறிந்தவர் அவர். அவருக்குத் தெரியாதது எதுவும் அந்த டிரம்மில் இல்லை. தெரிந்தும் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அவர் மனத்தில் ஓடிய கணக்கு. அந்தக் கணக்கை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

பாசிர் கூடாங் தொழிற்சாலைகள், தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம், செனாய்க் கிடங்குகள், மூவார் தளவாடத் தொழில் என்று ஜொகூரின் பிழைப்பே சாலையில்தான் ஓடுகிறது. பெரிய கண்டெய்னர் வண்டிகள் கண்ணில் படும். ஆனால் கோழி, காய்கறி, சிமெண்டு, சோபா, மளிகை எல்லாம் கடைவாசல் வரை வருவது இசுசு, ஹீனோ, ஃபூசோ போன்ற நடுத்தர லோரிகளில். இவற்றில் பல, ஒன்றோ இரண்டோ லோரி வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுடையவை. தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு லோரி ஸ்டீயரிங்தான் முதல் சொத்து.

அப்படிப்பட்டவர் மாதம் 3,000 வெள்ளி தவணை கட்டுகிறார், 25 நாள் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லோரி நின்ற நாளிலும் 120 வெள்ளி தவணை அவர் தலையில் விழும். அன்றைய டிரிப் கூலி வராது. வாடிக்கையாளர் வேறு லோரியைக் கூப்பிடுவார், அடுத்த வாரமும் அவரையே கூப்பிடலாம். பட்டறை பில்லில் உள்ள தொகை பெரிதாகத் தெரிகிறது, பில்லில் எழுதப்படாத இந்தத் தொகைதான் அவரைப் பயமுறுத்துகிறது. வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்த அவருக்குக் கை வராது.

இப்படித் தள்ளிப்போடப்படுவதில் மிக மலிவானது பிரேக் ஆயில். நடுத்தர லோரிகள் பலவற்றில் பிரேக் வேலை செய்வது இந்தத் திரவத்தின் அழுத்தத்தால்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்குகூட வராத அளவு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். பாரம் ஏற்றிய லோரி இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது அந்தச் சூட்டை ஆயில் எளிதில் எட்டும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. குமிழி அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரை வரை இறங்கும், லோரி நிற்காது. ஆறிய பிறகு பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கும், கோளாறே இல்லாதது போல. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற ஆகும் செலவு, ஒரு டயர் வாங்கும் காசில் சிறு பங்குதான்.

அடுத்தது டீசல் வடிகட்டி. 2019 முதல் நாம் ஊற்றும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் பெரும்பாலும் 10 விழுக்காடு கலந்து வந்திருக்கிறது. அதன் மேல் எனக்குக் குறை இல்லை, நம் மண்ணின் பொருள் அது. ஆனால் அது நீரை இழுக்கும், பழைய டாங்கியின் அடியில் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பும். வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும், அதன் கீழே தேங்கும் நீரைத் திறந்துவிட வேண்டும். இன்றைய காமன் ரயில் எஞ்சின் 1,500 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிறது, லோரி டயரின் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. அங்கே ஒரு துளி நீர் போனாலும் இன்ஜெக்டரின் முனையை அரிக்கும். வடிகட்டிக்குச் சில பத்து வெள்ளி. அசல் இன்ஜெக்டர் ஒன்றுக்கே ஆயிரத்துக்கு மேல், எஞ்சினில் குறைந்தது நான்கு இருக்கும்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் பக்கமெல்லாம் நீர் நின்றபோது சரக்கு லோரிகளும் அதில் இறங்கித்தான் ஓடின. சக்கர பேரிங்குக்குள் நீர் புகுந்தால் கிரீஸ் தே தாரிக் நிறத்துக்கு மாறும். வெளியே எதுவும் தெரியாது. சில மாதம் கழித்து நெடுஞ்சாலையில் சக்கரம் முனகத் தொடங்கும்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கியர் பெட்டி, பின் அச்சு போன்றவற்றை அங்கே வாங்குவதில் தவறில்லை, நல்ல பொமன் பார்த்து எடுத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பிரேக், ஸ்டீயரிங் சாமான்களைப் பழையதாக வாங்குவதை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தார்கள். ஸ்டீயரிங் செயலிழந்ததையும் அளவு மீறிய பாரத்தையும் விசாரணை சுட்டிக்காட்டியது. அதன் பின் கெடுபிடி கூடியது. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. வரவேற்கிறேன். ஆனால் வேகத்தைக் கட்டும் கருவி பிரேக் ஆயிலைப் பார்க்காது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. அந்த ஒரு நாளுக்காக நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் கழற்றுபவர்கள் இருப்பது பட்டறை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மீதி நூற்றெண்பது நாளும் லோரியைப் பார்ப்பது சொந்தக்காரரின் பணப்பை மட்டுமே.

அந்தப் பணப்பையை வற்ற வைப்பது யார்? சரக்குக்குச் சொந்தமான பெரிய நிறுவனம் போக்குவரத்து நிறுவனத்திடம் வேலையைத் தரும், அது இன்னொருவரிடம், அவர் இந்தச் சின்ன லோரிக்காரரிடம். ஒவ்வொரு கையிலும் கூலி கொஞ்சம் குறையும். அதோடு, 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. பதிவும் உரிமமும் தகுதிப்படி உள்ள சரக்கு நிறுவனங்களுக்கு ஃபிளீட் கார்டு வழியே பழைய விலை கிடைத்தது. அந்தக் கார்டு இல்லாதவருக்கு அப்போது 100 லிட்டருக்கு 120 வெள்ளி கூடுதலானது. அதைச் சமாளிக்க அவர் வெட்டக்கூடிய ஒரே செலவு பராமரிப்பு.

அதனால் தண்டனை கீழே மட்டும் இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. சரக்கு ஒப்பந்தத்தில் கிலோமீட்டருக்கு இத்தனை காசு பராமரிப்புக்கு என்று தனித் தொகை எழுதப்பட வேண்டும். கைமாறும் இடங்களில் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. விபத்து நடந்தால் சரக்கைக் கொடுத்தவரிடமும் அந்தத் தொகையைக் காட்டச் சொல்ல வேண்டும்.

நம் பங்கும் உண்டு. 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களின் பாட்டாளிகள் சிறுசிறு தவணையாகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அதே போல, மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் இருக்கும் சின்ன லோரி முதலாளிகள் ஐம்பது பேர் சேர்ந்தால் லைனிங், வடிகட்டி, பேரிங் எல்லாவற்றையும் மொத்த விலைக்கு வாங்கலாம். அதைவிட முக்கியமாக, பொதுவில் இரண்டு மாற்று லோரிகளை, உரிமத்துக்கு வழி கேட்டு, வைத்துக்கொள்ளலாம். சொந்த லோரி பட்டறையில் நிற்கும் நாளில் அதை எடுத்து ஓட்டினால் டிரிப் கைவிட்டுப் போகாது, வாடிக்கையாளரும் போகமாட்டார்.

கூலாய்ப் பட்டறையில் அன்று அந்த லோரிக்காரரிடம் கேட்டேன், மாற்று லோரி ஒன்று இருந்திருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே லோரியைப் பட்டறையில் விட்டிருப்பீர்களா என்று. "அன்னைக்கே விட்டிருப்பேனே" என்றார் அவர்.