சாவி யார் இடுப்பில்?

செஞ்சியிலிருந்து ஒரு வாசகி எழுதுவது.

"கம்ப்யூட்டரும் செல்போனும் வந்ததால பெரிய கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம். அடுப்படியில நிக்கிற நமக்கு என்னடி?" என்று போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த எங்கள் ஊர்க் கோட்டையில், ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. களஞ்சியம் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? உள்ளே எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இல்லாவிட்டால் அது வெறும் கட்டடம்தானே! கம்ப்யூட்டர் வியாபாரமும் அப்படித்தான். மிஷினில் லாபம் இல்லை. அதில் ஏறுகிற கணக்கில்தான் லாபம்.

நெல் மூட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் வியாபாரி சொன்னதுதான் விலை. பிறகு, நாங்கள் 'கமிட்டி' என்று சொல்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. 2016 ஏப்ரல் 14-ல் மத்திய அரசு இ-நாம் என்ற மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது. அதில் மூட்டை வாசலில் நுழையும்போதே விவசாயி பெயரும் லாட் நம்பரும் பதிவாகும். தரம் பார்த்து எழுதுவார்கள். வியாபாரி இருந்த இடத்திலிருந்தே விலை போடலாம். அலைச்சல் மிச்சம் அவருக்கு. நாலு பேர் போட்டி போட்டால் நல்ல விலை நமக்கு. பணம் நேராக பாங்க் கணக்குக்கு வரும்.

ஆனால் யார் கணக்குக்கு? பதிவில் யார் பெயரோ, அவர் கணக்குக்கு! நாற்று நட்டு, களை பறித்து, நெல்லைக் காய வைத்துத் தூற்றுவது நாம். பட்டாவும் பாஸ்புக்கும் வீட்டுக்காரர் பெயரில். கம்ப்யூட்டருக்கு நம் வியர்வை தெரியாது, சகோதரிகளே. எழுதிய பெயர்தான் தெரியும்.

இது எனக்கு உறைத்தது என் சொந்த வியாபாரத்தில். கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் செய்து விற்கிறேன். என் மகன் இணையதளம் ஒன்றில் கடை திறந்து கொடுத்தான். தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், கூரியரில் அனுப்புவேன். விற்பனை நடக்கிறதே என்று பூரித்துப்போயிருந்தேன். ஒருநாள் மருமகள், "அத்தை, கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?" என்றாள். அரை கிலோ 180 ரூபாய். கடலை, வெல்லம், கேஸ், டப்பா எல்லாம் 110. கமிஷனும் கூரியரும் 62. மிச்சம் எட்டே ரூபாய்! என் கூலி கூட அதில் இல்லை.

அவளே பழைய ஆர்டர்களைப் பார்த்துச் சொன்னாள்: மாத முதல் வாரத்தில்தான் அதிகம் கேட்கிறார்கள், ஒரு கிலோ அனுப்பினாலும் கூரியர் செலவு அரை கிலோவுக்கு ஆவதைவிடக் கொஞ்சம்தான் கூட. அன்றிலிருந்து ஒரு கிலோ டப்பா மட்டும்தான். கடலையும் அதற்கேற்ப வாங்குகிறேன், சிக்குப் பிடித்து வீணாவதில்லை. பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன: யார், எப்போது, எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துச் சரக்கு வைக்கின்றன. அதே வித்தை நம் கைக்கும் எட்டும்.

அப்புறம்தான் இடி விழுந்தது. கடை திறந்தது மகன் செல் நம்பரில், மகன் பாங்க் கணக்கில். அவன் வேலைக்கு வெளியூர் போய் நம்பரை மாற்றினான். பழைய சிம் காலாவதியாகிவிட்டது. கடைக்குள் போக வேண்டிய ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும். மூன்று வருடமாகச் சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியலும், "ருசி பிரமாதம்" என்று எழுதிய பாராட்டும் பூட்டிய வீட்டுக்குள் போனது போல ஆயிற்று. நான் அழுதேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாவியை நான் கேட்டு வாங்கவில்லையே!

கை கொடுத்தது என் பழைய பழக்கம். கூரியர் ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து 140 முகவரிகளை நோட்டில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் திரும்ப வந்தார்கள்.

இப்போது எல்லாம் என் பெயரில். சிம் என் பெயரில், பாங்க் கணக்கு என் பெயரில். 2020 ஜூலை முதல் நடக்கிற உதயம் பதிவையும் ஆதாரை வைத்து இலவசமாக முடித்தேன். தின்பண்டம் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வாங்கினேன். ஜி.எஸ்.டி. என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு, நம் மாநிலத்துக்குள் இணையதளங்கள் மூலம் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி உண்டு.

"பிள்ளை பெயரில் இருந்தா என்ன, உன் பெயரில் இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பாசம் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓ.டி.பி. பாசம் பார்த்து வருவதில்லையே!

நம் பாட்டிமார் கொத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டை ஆண்டார்கள். இன்றைக்கு அந்தக் கொத்துச் சாவி செல் நம்பரும் பாஸ்வேர்டும்தான். உழைப்பு நம்முடையது என்றால் சாவியும் நம் இடுப்பில் இருக்கட்டும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். கரண்ட் போனாலும் அது திறக்கும்!

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, செஞ்சி.