ரீபாண்டிங்கும் பழவேற்காட்டுச் சங்கும்

பார்லர்ல ரீபாண்டிங் பண்ணியிருக்கீங்களா? அந்தப் பேரிலேயே கெமிஸ்ட்ரி இருக்கு. முடியிலுள்ள புரதத்தில் ரெண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும். அதுதான் டைசல்ஃபைடு பிணைப்பு. கெமிக்கல் போட்டு அதை உடைத்து, முடியை நேராக்கி, திரும்பவும் கோத்துவிடுகிறார்கள். எது எதோட சேர்ந்தா என்ன, முடி நேரா நின்னா போதும்.

ஆனா எல்லா இடத்திலும் அப்படி விட்டுவிட முடியாது. போன வருஷம் பழவேற்காட்டுக் கரையில், வலையிலிருந்து கழித்துப் போட்ட குவியலில் கைவைத்தேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டார்: "அந்தச் சங்கத் தொடாத தம்பி, கொட்டிரும்!"

அது கூம்பு நத்தை. அதன் விஷம் குட்டிக் குட்டிப் புரதங்கள். பலவற்றில் ஆறு சிஸ்டீன்கள், அதாவது ஆறு கந்தகக் கைகள். ஜோடி சேர்க்க 5×3×1 = 15 வழிகள். ஜோடி மாறினால் வடிவம் மாறும், வேலையும் கெடும். சரியான ஜோடியைச் சேர்க்க உதவுவது புரோட்டீன் டைசல்ஃபைடு ஐசோமெரேஸ் என்ற நொதி. முடிச்சுப் போடும்; தப்பா விழுந்தா அவிழ்த்துத் திரும்பப் போடும். நத்தையின் விஷச் சுரப்பியில் இந்த நொதி ஏராளம்.

இதனால நமக்கென்ன? மற்ற மருந்துக்கு அடங்காத கடும் வலிக்கு, 2004-இல் அமெரிக்கா அனுமதித்த சிகோனோடைடு ஒரு கூம்பு நத்தை விஷத்தின் நகல்தான். 25 அமினோ அமிலம், மூணு பிணைப்பு. அந்த விஷத்தை யூட்டா பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டெடுத்த மைக்கேல் மெக்கின்டாஷ் அப்போது நம்மை மாதிரி ஒரு கல்லூரி மாணவர். தென்கிழக்கு இந்தியக் கடலில் எடுத்த கோனஸ் அமாடிஸ் நத்தையின் விஷத்தை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பலராம் குழுவும் ஆராய்ந்திருக்கிறது.

நாம என்ன பண்றோம்? பழவேற்காடு போய் ஃபிளமிங்கோவோட போட்டோ எடுக்கிறோம். திரும்பி வந்து ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பயோடெக் பசங்க முறையா அனுமதி வாங்கி, அந்தக் கழிவுக் குவியலிலிருந்தே ஆரம்பிக்கலாம். சிஎஸ்இ பசங்க எந்தக் கந்தகம் எதோட சேரும்னு கணிக்க மாடல் எழுதலாம்.

ஒரே நிபந்தனை. எது கொட்டும்னு சொன்னவர் அந்தப் பெரியவர். பாரம்பரிய அறிவு தருபவர்களுக்கும் பலனில் பங்கு உண்டு என்பது 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம். அதனால ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் ஹெச்ஓடி பேருக்கு முன்னாடி அவங்க பேர் வரணும்.

அடுத்த தடவை பழவேற்காடு போனா, அந்தக் குவியல் பக்கம் போய் உட்கார்ந்து கேளுங்க. தொட மட்டும் வேண்டாம்.